ஏழெழுத்துக் களைப்பு

என் தங்கை புருஷனை ஆலையில் எல்லோரும் ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்காத மனிதன் என்று அர்த்தம். பத்தொன்பது வருஷமாக எந்த ஷிப்ட் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் நின்றவன். அப்படிப்பட்டவன்மேல் 'வேலை நேரத்தில் கண்ணயர்ந்தார்' என்று குற்றம் எழுதிக் காகிதம் கொடுத்தார்கள். மூட்டை இறக்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "ஆந்தை தூங்குச்சுன்னா அப்ப பகலாத்தான் இருந்திருக்கும்" என்றான் ஒருவன். நானும் சிரித்துத் தொலைத்தேன். சாயங்காலம் தங்கை முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று உறைத்தது.

எங்களுடையது மாவு ஆலை. கீழே மரத்தட்டில் பதினாறு மூட்டைகளை நாங்கள் அடுக்குவோம். ஹாய்ஸ்ட் அதை இரண்டாம் மாடி வாசலுக்குத் தூக்கும். எங்கள் வாயில் அதற்குப் பெயர் 'தூக்கி'. மேலே தண்டவாளம், அதில் மோட்டார், மோட்டாரிலிருந்து சங்கிலி, சங்கிலி முனையில் கொக்கி. ஒயரில் தொங்குகிற பொத்தான் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தட்டு மேலே போய்ச் சேரும் வரைக்கும் அண்ணாந்து பார்த்தபடி ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள்தான் என் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்பே என்னோடு வேலை செய்தவன் என்பதால் ஆலைக்குள் வா, போ. தங்கை எதிரில் மட்டும் வாங்க, போங்க.

விபத்து நடந்த அன்றைக்கு மதியம் மூன்று மணி. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வந்தவன் மாப்பிள்ளை. காலையில் அவனை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சுக்க" என்றார் சூப்பர்வைசர். அந்த வாரத்தில் அப்படிச் சமாளித்தது அது மூன்றாவது தடவை. இருபத்தொரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். தட்டு ஒரு ஆள் உயரத்துக்கு மேலே போனபோது கொக்கியின் கழுத்து படக்கென்று ஒடிந்தது. பதினாறு மூட்டையும் கீழே வந்து வெடித்தன. மாவு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அடங்கிய பிறகு பார்த்தால் மாப்பிள்ளை தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தான். வலது பாதம் இருந்த இடம் மட்டும் சிவப்பு. மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன.

இதில் ஒன்றை எழுதாமல் விட மாட்டேன். ஒடிந்த கொக்கியைப் பஞ்சு வைத்து, துணி சுற்றி, மேனேஜர் காரின் பின்சீட்டில் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மூட்டை லாரி. முன்னால் இடமில்லை என்று காலிச் சாக்குகளின் மேல் கிடத்தினோம்.

பன்னிரண்டாம் நாள் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. கொக்கியைச் சரிவரக் கவனிக்கவில்லை, கண்ணயர்ந்தார், ஆகவே கவனக்குறைவு. நிரூபணமானால் வேலை நீக்கம், காரணம் வேலைச் சான்றிதழில் எழுதப்படும். அந்தக் காரணத்தோடு வெளியே போகிறவனை எந்த ஆலை, எந்தக் கிடங்கு உள்ளே விடும்? நாற்பத்தாறு வயது. நொண்டுகிற கால். 'தூங்குகிறவன்' என்று நெற்றியில் ஒட்டின காகிதம். என் தங்கைக்குப் புரிந்தது அவ்வளவுதான். அது போதும்.

கடிதத்தோடு கொக்கியைச் சோதித்த அறிக்கையும் பின் அடித்து வந்திருந்தது. பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். விசாரணையில் துணைக்கு ஒரு சக தொழிலாளியைக் கூட்டி வரலாம் என்று கடிதத்தில் இருந்ததால் மாப்பிள்ளை என் பெயரைச் சொல்லிவிட்டான். நான் என்ன வக்கீலா? எழுத்துக் கற்றதே நாற்பத்து நாலு வயதில், பஸ் டிப்போவை ஒட்டின ஒரு அறையில், சாயங்கால வகுப்பில். அதுவரைக்கும் எழுத்துகளை முதுகில்தான் சுமந்திருக்கிறேன், சாக்கில் அச்சடித்தபடி. தமிழ் பிடிபட்ட பிறகு ஆங்கிலத்தையும் பிடித்தேன், பாதி. பழைய புத்தகக் கடையில் ஒரு அகராதி வாங்கி வைத்திருக்கிறேன். முன்பக்கங்கள் கிழிந்துபோய் 'பி' எழுத்தில்தான் தொடங்கும். 'ஏ'யில் தொடங்குகிற எந்த வார்த்தைக்கும் நான் பொறுப்பில்லை.

மூன்று சாயங்காலம் அந்த அறிக்கையோடு உட்கார்ந்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினேன். எட்டாம் பக்கத்தில் ஒடிந்ததற்குக் காரணம் என்று ஒரு வரி. அதன் கடைசியில் ஏழெழுத்தில் ஒரு வார்த்தை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்: ஃபா, டி, கு, ஏ. ஃபாடிகுஏ. அகராதியைப் புரட்டினேன். களைப்பு, சோர்வு, அயர்ச்சி.

அகராதியை மூடவில்லை. அப்படியே கையில் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு ஓடினேன்.

மாப்பிள்ளை காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, மூச்சு வாங்குது?"

"மாப்பிள்ளை, கவலைய விடுங்க. நீங்க களைச்சுப் போயிருந்தீங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இங்கிலீஷ்ல. அச்சுல."

"எங்க?"

"இதோ. ஒடிஞ்சதுக்குக் காரணம், ஃபாடிகுஏ. ஃபாடிகுஏன்னா களைப்பு. பாருங்க அகராதிய."

மாப்பிள்ளை அந்த வார்த்தையையே வெகுநேரம் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தடவிப் பார்த்தான்.

"மச்சான், நான் கண்ண மூடினது நெசம். உங்ககிட்ட மறைக்கல. மேல போயிட்டுதானே இருக்குன்னு ஒரு நொடி மூடினேன். தொறக்குறதுக்குள்ள கேட்டுச்சு அந்தச் சத்தம்."

"மூடாம என்ன பண்ணுவீங்க? இருபத்தொரு மணி நேரம்."

"அதத்தான் எழுதியிருக்காங்களா?"

"அதேதான்."

தங்கை அன்றைக்குத்தான், இரண்டு வாரத்துக்குப் பிறகு, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் டீ நேரத்தில் ஆபீசுக்குப் போய் டைப்பிஸ்ட்டிடம் அறிக்கையைக் காட்டினேன். அவரை எல்லோரும் கமா என்பார்கள். நாலு வார்த்தைக்கு ஒரு கமா போடாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்றது.

"ஐயா, மொதல்ல அது ஃபாடிகுஏ இல்ல. ஃபட்டீக். கடைசி ரெண்டு எழுத்தும் வேலை செய்யாது, சும்மா நிக்கும்."

"அப்ப அது ரெண்டும் சூப்பர்வைசரா?"

இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "களைச்சது ஆந்தை இல்லைய்யா. கொக்கி. இரும்பு. திரும்பத் திரும்ப பாரம் ஏத்துனா இரும்பு களைச்சுப் போகும்னு இன்ஜினியருங்க சொல்வாங்க. அதுக்குத்தான் அந்த வார்த்தை. ஆந்தையப் பத்தி ஒம்பதாம் பக்கத்துல இருக்கு. நெக்லிஜன்ஸ். கவனக்குறைவு."

"இரும்பு களைக்குமா?"

"களைக்கும்."

"மனுஷன்?"

"மனுஷனப் பத்தி இதுல எழுதலியே."

ஆபீஸிலிருந்து சாக்கு அடுக்குகிற இடத்துக்கு எழுபது அடி தூரம் இருக்கும். அந்த எழுபது அடியை எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவன் அசடு வழிந்தான், அது பெரிய விஷயமில்லை, எனக்குப் பழக்கம்தான். தங்கை வீட்டில் போய் என்ன சொல்வது? உன் புருஷனுக்கு வந்தது களைப்பு இல்லையம்மா, அது கொக்கிக்கு வந்தது என்றா?

அதைத்தான் சொன்னேன். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொக்கிக்கு மேலுக்கு முடியலன்னு கார்ல கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கு டாக்டர் வெச்சுப் பாத்து, களைச்சுப் போச்சுன்னு சீட்டும் வாங்கிட்டாங்க. இவருக்கு வேலையவிட்டுப் போன்னு சீட்டு. அது பொறந்து எத்தன வருஷம் ஆச்சு அண்ணே?"

"எது?"

"கொக்கி."

"ஆறு வருஷம் இருக்கும்."

"இவரு பத்தொம்பது வருஷமா நிக்கிறாரு" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

தூக்கியின் தூணில் ஒரு தகரப் பெட்டி ஆணியடித்து மாட்டியிருக்கும். அதற்குள் தூக்கியோடு வந்த கையேடு. மாவு படிந்து, ஓரம் எல்லாம் சுருண்டு, எவனும் தொடாமல் கிடந்தது. கொக்கிக்குக் களைப்பு வரும் என்று செய்தவனுக்குத் தெரிந்திருக்குமே, அவன் என்ன எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்று எடுத்தேன். உள்ளே ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்தி. இடது பக்கம் ஆங்கிலம். வலது பக்கம் அதே எழுத்து, ஆனால் வேறு பாஷை. ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. கொக்கி படம் போட்ட இடத்தில் இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் ஒரு பெயர். எண்ணெய்க்கு வேறு வேறு. சங்கிலிக்கும் வேறு வேறு மாதிரிதான் தெரிந்தது. மாமியாரும் மருமகளும் மாதிரி எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பத்தி.

இருபத்திரண்டாம் பக்கத்தில் அந்த ஏழெழுத்து நின்றது. சந்தைக் கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது. இடது பக்கம் ஃபட்டீக். வலது பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே ஏழு எழுத்து. ஒரு எழுத்துகூட மாறவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த இரண்டு பாஷையும் களைப்புக்கு மட்டும் ஒரே சொல்லை வைத்திருந்தன.

மற்ற வார்த்தைகளை விட்டுவிட்டேன். அந்த முகத்தை மட்டும் பக்கம் பக்கமாகத் தேடினேன். இருபத்திரண்டில் மூன்று இடம், எல்லாம் கொக்கி படத்துக்குப் பக்கத்தில். பிறகு முப்பத்தொன்று. அங்கே கொக்கி படம் இல்லை. பொத்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் நிற்கிற படம். பக்கத்தில் அதே ஏழெழுத்து, இரண்டு பத்தியிலும்.

ஆலையிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட்டில் சீட்டு காட்ட வேண்டும். கையேட்டை எடுத்துப்போனால் மாப்பிள்ளையோடு எனக்கும் ஒரு விசாரணை வைத்துவிடுவார்கள். ஆகவே சாக்கில் குறி போடுகிற பேனாவால், பழைய சாக்குத்தாளைக் கிழித்து, அந்த இரண்டு பக்கத்தையும் படம் வரைவது போல எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். மூன்று நாள் டீ நேரம் அதற்கே போயிற்று. "காதல் கடிதாசியா?" என்று கேட்டார்கள். ஆமாம், கொக்கிக்கு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பொது நூலகத்துக்குப் போனேன். நூலகர் என் சாக்குத்தாளை மேஜைமேல் விரித்ததும் முதலில் மாவைத் தட்டினார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"பிரெஞ்ச் தெரியுமா உங்களுக்கு?"

"இல்ல சார். இதுதான் பிரெஞ்சுன்னு இப்பத்தான் தெரியும்."

அவர் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார். இயக்குபவரின் களைப்பு. தொடர்ந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆளை இயக்க விடக்கூடாது. களைத்த ஆள் இயக்கினால் விபத்து நேரும். மாற்று ஆள் வைக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அதைத் தமிழில் என் கையாலேயே எழுதிக்கொண்டேன்.

புறப்பட்டவன் நின்றேன். "சார், இந்த வார்த்தை ரெண்டு பாஷைக்கும் எப்படி ஒண்ணா வந்துச்சு? இது மொதல்ல யாருது? இரும்போடதா, மனுஷனோடதா?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே போய் இரண்டு கையாலும் தூக்குகிற மாதிரி ஒரு அகராதியைக் கொண்டுவந்தார். மூட்டை தூக்குகிறவன் பார்வையில் நாலு கிலோவுக்குக் குறையாது. வாசித்து வாசித்துச் சொன்னார். ஆங்கிலக்காரர்கள் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்தார்கள். பிரெஞ்சுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் அது ஒருவனைப் போட்டு ஓயும்வரை வாட்டுவது. அந்தச் சொல்லுக்கு, விரிசல் விடுவது என்று பொருள்படும் ஒரு சொல்லோடு உறவு இருக்கலாம் என்று நினைக்கிறார்களாம், உறுதியில்லை. பட்டாளத்தில், துப்பாக்கி பிடிக்காமல் மண் வெட்டுகிற, மூட்டை சுமக்கிற வேலைக்கே அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். இரும்புக்கு எப்போது வந்தது என்று கேட்டேன்.

"இரும்புக்கு ரொம்பப் பின்னாடிதான் வந்திருக்கு. ரயில் ஓட ஆரம்பிச்சு, சக்கரத்தோட அச்சு ஒடிய ஆரம்பிச்ச காலத்துல. நூத்தம்பது, நூத்தியெண்பது வருஷம் இருக்கும். இது ஏன் ஒடியுதுன்னு தெரியாம, மனுஷனுக்குச் சொல்ற வார்த்தைய இரும்புக்குச் சொன்னாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லாம் மனுஷனும் மாடும் குதிரையும்தான்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறினால் யாரையாவது அடித்துவிடுவேன் போல இருந்தது. வார்த்தை எங்களுடையது. மண் வெட்டினவன், மூட்டை சுமந்தவன், அவன் முதுகிலிருந்து பிறந்த வார்த்தை. எங்கள் சட்டையைக் கழற்றி இரும்புக்குப் போட்டார்கள். சரி, அதற்கும் குளிரும், போட்டுக்கொள்ளட்டும். இப்போது எங்களைப் பார்த்து, உனக்குச் சட்டை என்று ஒன்று எப்போதுமே கிடையாதே என்கிறார்கள். கொக்கி ஒடிந்தால் களைப்பு. மனிதன் ஒடிந்தால் கவனக்குறைவு. ஒரே அறிக்கையில், அடுத்தடுத்த பக்கத்தில்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல், குரலை உயர்த்தாத மனிதர். மேனேஜர் ஒரு பக்கம். அறிக்கை எழுதின இன்ஜினியர் அம்மா ஒரு பக்கம், முப்பத்தைந்து வயது இருக்கும். கமா டைப் அடிக்க உட்கார்ந்திருந்தார். ஒடிந்த கொக்கி மேஜைமேல், பச்சைத் துணி விரித்து அதன்மேல் இருந்தது. மாப்பிள்ளை கட்டுப்போட்ட காலோடு நின்றான். கொக்கிக்குத் துணி, இவனுக்கு நாற்காலி இல்லை. நான் என் நாற்காலியை அவனுக்குத் தள்ளினேன்.

அதிகாரி கேட்டார்: "சம்பவ நேரத்தில் கண்ணை மூடினீர்களா, இல்லையா?"

"மூடினேன் சார்" என்றான் மாப்பிள்ளை.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் வேலை என்பது போல.

நான் கை தூக்கினேன். "இன்ஜினியர் அம்மாகிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"கொக்கி களைச்சுப் போச்சுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? அது வாய் தொறந்து சொல்லாதே."

அந்த அம்மா சிரிக்கவில்லை. கொக்கியைத் திருப்பி ஒடிந்த முகத்தைக் காட்டினார். "இங்க பாருங்க, வளையம் வளையமா கோடு தெரியுதா? ஒரே நாள்ல ஒடியல. சின்ன விரிசல் விழுந்து, ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. கடைசியில மிச்சம் இருந்தது தாங்கல."

"பாரம் ரொம்ப அதிகமா ஏத்திட்டாங்களா?"

"இல்ல. ஒவ்வொரு தடவையும் அளவுக்கு உட்பட்டுத்தான் இருந்திருக்கு. தடவைதான் அதிகம்."

"இந்த விரிசல் கீழ நிக்கிற ஆள் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கழட்டி, சாயம் தடவிப் பாத்தாத்தான் தெரியும்."

கமாவின் விரல்கள் மெஷினில் நின்றன. "அதையும் அடிங்க" என்றார் அதிகாரி.

"இன்னொண்ணும்மா. கொக்கிக்கு ரெண்டு நாள் லீவு கொடுத்திருந்தா அந்தக் களைப்பு போயிருக்குமா?"

மேனேஜர் சிரித்தார். அந்த அம்மா யோசித்துச் சொன்னார்: "போகாது. இரும்பு ஓய்வெடுத்தாலும் விரிசல் விரிசல்தான். அது திரும்பாது."

"மனுஷன் திரும்பிடுவான்மா. ஒரு ராத்திரி தூங்கினா போதும். இரும்புக்கு ஓய்வு கொடுத்துப் பிரயோஜனம் இல்ல, ஆனா அதுக்குக் களைப்புன்னு எழுதுறீங்க. கொடுத்தா சரியாயிடுற ஆளுக்குக் கொடுக்காம, கவனக்குறைவுன்னு எழுதுறீங்க."

"இது பட்டிமன்றம் இல்லை" என்றார் மேனேஜர். "ஃபட்டீக் என்பது தொழில்நுட்பச் சொல். உலோகத்துக்கு உரியது. வெறும் சோர்வை அதோடு முடிச்சுப் போடக்கூடாது."

"உலோகத்துக்கு உரியதா சார்? அப்ப தூக்கியச் செஞ்ச கம்பெனிக்காரன் தப்பா எழுதிட்டானா? முப்பத்தொண்ணாம் பக்கத்துல பொத்தான் பிடிக்கிற ஆளுக்கும் அதே வார்த்தைதான் போட்டிருக்கான். இங்கிலீஷ்லயும் போட்டிருக்கான், பிரெஞ்சுலயும் போட்டிருக்கான்."

"என்ன பக்கம்? எந்தக் கையேடு?"

"தூண்ல, தகரப் பெட்டியில இருக்கு சார். மாவுக்கு அடியில."

"இப்போது அதெல்லாம் தேட நேரமில்லை" என்று மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள் இன்ஜினியர் அம்மா எழுந்தார். "நான் பாத்தேன், அங்கதான் இருக்கு. எடுத்துட்டு வரேன்." போனார். திரும்பி வர எட்டு நிமிஷம் ஆயிற்று. மாப்பிள்ளை கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரனைப் பார்ப்பது போல.

கையேட்டை அதிகாரி என்னிடமே கொடுத்தார். "நீங்களே படிங்க."

படித்தேன். திக்கித் திக்கி, விரலை வைத்து. மேனேஜர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். நாற்பத்து நாலு வருஷம் காத்திருந்து கற்ற எழுத்து, நாலு நிமிஷம் அவர் காத்திருக்கக் கூடாதா? எட்டு என்ற எண் வந்ததும் அதிகாரி கை காட்டி நிறுத்தினார்.

"சம்பவ நேரத்தில் எத்தனையாவது மணி நேரம்?"

"இருபத்தொண்ணாவது" என்றான் மாப்பிள்ளை.

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். "வருகைப் பதிவேடு?"

மேனேஜர் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். அது வந்தது. முந்தின நாள் மாலை ஆறு மணி என்று அதில் எழுதியிருந்ததைப் படிக்க யாரும் விரல் வைக்கத் தேவையில்லை.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. மாப்பிள்ளை மறுபடி வேலைக்கு வரலாம், கால் ஆறும்வரை எடைமேடையில் உட்கார்ந்த வேலை. தங்கை கதவுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் ஒரு இடத்தில் விரல் நின்றது. விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல். ஃபட்டீக்.

யாருக்கு என்று இல்லை. கொக்கி என்று இல்லை, ஆள் என்று இல்லை. நாளைக்குக் கேட்டால் கொக்கிக்குத்தான் என்பார்கள். இன்னொரு மாப்பிள்ளை இன்னொரு இருபத்தொரு மணி நேரம் நிற்பான். அவர்களிடம் இந்தக் காகிதம் இருக்கும்.

பெற்றுக்கொண்டதற்கு மாப்பிள்ளை கைநாட்டு வைத்தான். துணைக்கு வந்த ஆள் என்று நானும் கையெழுத்துப் போட வேண்டும். கமா பேனாவை நீட்டினார். கையெழுத்துக்கு முன்னால், அந்த ஏழெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில், தமிழில் எழுதினேன்: இரண்டு பேருக்கும்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "என்ன இது? யார் அந்த ரெண்டு பேர்?"

"ஒருத்தர் கொக்கி சார். இன்னொருத்தர் இதோ நிக்கிறாரு."

"உத்தரவுல நீ எழுதக்கூடாது. அத அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"எழுதுறதுக்குத்தான் சார் வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க. அடிக்கிறதுக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கல."

கமா தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் வேறு பிரதி எடுக்கச் சொன்னார். அதிலும் அதையே எழுதுவேன் என்றேன். கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முத்திரையை எடுத்து அழுத்திவிட்டார். முத்திரை என் எழுத்தில் பாதியை மறைத்தது. மீதி தெரிகிறது.

கீழே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. புதுக் கொக்கி வரும்வரை மூட்டைகளை நாங்கள்தான் மேலே சுமந்துகொண்டிருந்தோம்.